ஆயுத பூஜைக்கு வாங்கிய பேட்டரி

தம்பி,

முடிச்சூரில் தெருவுக்குள் படகு வந்த வருடம் அது. அடையாறு கரையைத் தாண்டி, வரதராஜபுரத்தில் முதல் மாடிப் படிக்கட்டு வரை தண்ணீர் ஏறிய வருடம். ஏரோட்ரோமில் விமானங்கள் தண்ணீருக்குள் நின்றன. தாம்பரம் அப்போது மாநகராட்சி ஆகவில்லை. கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் கிடையாது, வெளியூர் பஸ் ஏற வேண்டுமானால் பெருங்களத்தூரில் வெயிலில்தான் நிற்க வேண்டும். நீ பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாய். இதை எழுதித் தருகிற கீழ் வீட்டு வாத்தியார், வருடத்தின் எண்ணைப் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்கு எண் தெரியாது. எந்த நாளில் யார் எங்கே நின்றார்கள் என்பது மட்டும் தெரியும்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால் மறுபடி சொல்லாமல் விட்டுவிடுவேன். அன்று காலை நம் பிக்கப் வண்டி கிளம்பாமல் போனதற்கு நீ காரணம் இல்லை. வண்டியில் நீ யார் யாருக்கோ போன் சார்ஜ் போட்டுக் கொடுத்ததால் பேட்டரி சாகவில்லை. அது எனக்கு உன் அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த நாளே தெரியும். பத்து வருடமாகத் தெரியும்.

போன மாதம் உன் மனைவி போன் செய்தாள். ஓசூரில் மழை, கரண்ட் இல்லை, உங்கள் வீட்டில் மட்டும் இன்வெர்ட்டர் ஓடியதாம். எதிர் வீட்டுக்காரர் வந்து ஒரு போனை நீட்டி, கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாராம். நீ ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்திவிட்டாயாம். சாத்திவிட்டுக் கதவுக்குப் பின்னாலேயே நின்றாயாம். "வேர்த்துக் கொட்டுச்சு மாமா. சட்டையே நனைஞ்சுபோச்சு. இவர் கெட்டவர் இல்லயே, ஒரு போனுக்கு ஏன் இப்படி?" என்று கேட்டாள். வீட்டைப் பூட்டும்போது ஒவ்வொரு சுவிட்சையும் மூன்று தரம் தொட்டுப் பார்க்கிறாய் என்றும், பிள்ளை ஒரு விளக்கை அணைக்காமல் விட்டால் உன் முகமே மாறிவிடுகிறது என்றும் சொன்னாள். நீ அவளிடம் எதையும் சொல்லவில்லை என்று புரிந்தது. நானும் "தெரியலம்மா" என்றேன். போனை வைத்துவிட்டுச் சோறு சாப்பிட்டேன். கைகழுவும்போது, தெரியாது என்று இது எத்தனையாவது தடவை சொல்கிறேன் என்று யோசித்தேன். கணக்கு கிடைக்கவில்லை.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். உனக்கு எட்டு வயதிலேயே தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருந்தாய். வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, போகிற வழியில் இருக்கிற பலகைகளையெல்லாம் உனக்கு நீயே சொல்லிக்கொள்வது போலப் படிப்பாய். "வலதுபுறம் மேடவாக்கம். பாலம் வேலை நடக்கிறது, மாற்றுப் பாதை." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்வாய், என் முகத்தைப் பார்க்க மாட்டாய். வீடு மாற்றுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கரணைக்கும் கூடுவாஞ்சேரிக்கும் அலைந்த காலத்தில், உன் பள்ளிக்கூட லீவு நாட்களில் மட்டும் நான் வழி தவறியதே இல்லை. அதற்கு நான் உன்னை மெச்சியிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. தனியாக இருக்கும்போது பரவாயில்லை. நாலு டிரைவர்கள் நிற்கிற இடத்தில் நீ அப்படி முணுமுணுத்தால் எனக்கு முதுகு கூசும். அந்தக் கூச்சத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வண்டி காலையில் செல்ஃப் எடுக்க மறுத்தது. பெட்ரோல் வண்டி மாதிரி இல்லை டீசல் வண்டி. முதல் சுற்றுக்கு என்ஜினைப் புரட்ட பேட்டரியில் நல்ல பலம் வேண்டும். ஸ்டாண்டில் என்னோடு வண்டி ஓட்டிய ஏழுமலை கிண்டல் செய்தான். "இன்னா நைனா, பூஜைக்கு வண்டிய தள்ளிகினே போய் பொட்டு வெக்கப் போறியா? மாத்துயா பேட்டரிய. பெருங்களத்தூர்ல பாஸ்கர் கடை கீது, நான் வரேன்" என்றான். நீயும் கூட வந்தாய். கல்லூரி லீவு. மெரூன் சட்டை போட்டிருந்தாய், காலர் பட்டன் இல்லை.

கடையின் முன்னால் பாஸ்கர் இரண்டு பேட்டரிகளை எடுத்து வைத்தான். இரண்டுக்கும் தனித்தனியாகக் கேரண்டி கார்டு. "அண்ணா, எல்லாம் இதுல எழுதியிருக்கு. பாத்துட்டு எது வேணும்னு சொல்லுங்க" என்று என் கையில் கொடுத்தான். உன் தலை அந்தக் கார்டுப் பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். இப்போது இவன் முணுமுணுப்பான், ஏழுமலைக்கும் பாஸ்கருக்கும் கேட்கும் என்று தோன்றியது. "தம்பி, நாலு டீ வாங்கிட்டு வா" என்று உன்னை அனுப்பினேன். டீக்கடை எதிர்ப்புறம், ரோட்டைத் தாண்டிப் போய் வர வேண்டும். போனாய்.

படித்தவன் ஒரு தாளை எவ்வளவு நேரம் பார்ப்பான் என்பது எனக்கு அத்துப்படி. முதலில் மேலே, பிறகு நடுவில், திருப்பிப் பின்பக்கம், கடைசியில் ஒரு தலையாட்டல். உதடு அசையக் கூடாது. பத்து மூச்சு விடுகிற நேரம் வைத்திருந்தால் போதும். முப்பது வருடமாக அப்படித்தான் செய்தேன். ஆர்டிஓ ஆபீசில் செய்தேன், பேங்கில் செய்தேன், உன் ரேங்க் கார்டைப் பார்த்தும் செய்தேன். அன்றும் செய்தேன். ஒரு பேட்டரியின் ஸ்டிக்கரில் லாரிப் படம் இருந்தது, சிவப்பாக, பளபளவென்று. அதைக் காட்டினேன்.

"இதா? தெரிஞ்சுதானண்ணா எடுக்கறீங்க?" என்று பாஸ்கர் கேட்டான்.

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"நைனா எத்தன வருசமா வண்டி ஓட்டறாரு, அவராண்ட போய் கேக்கறியே" என்று ஏழுமலை சிரித்தான்.

விலை குறைவாகத்தான் சொன்னான். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்துவிட்டதால் கழித்திருக்கிறான், பூஜை நேரத்துச் சலுகை வேறு என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கேட்டால் அவன் கார்டைக் காட்டி இதோ பாருங்கள் என்பான். அதனால் கேட்கவில்லை. தூக்கும்போது கைக்குக் கொஞ்சம் லேசாகத் தெரிந்தது. அதையும் கேட்கவில்லை.

புதிதாக ஒரு பொருள் வண்டிக்கு வந்தால் அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது நம் ஸ்டாண்டு வழக்கம். டயர் ஆனாலும் அதே, கண்ணாடி ஆனாலும் அதே. பாஸ்கரிடம் கிண்ணத்தில் கரைத்த சந்தனம் இருந்தது. நான் மூன்று விரலில் அள்ளி ஸ்டிக்கரின் மேலேயே பட்டையாகப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன். நீ டீயோடு வந்தாய். டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பேட்டரியைப் பார்த்தாய்.

"அப்பா, தேதி எங்க போட்டிருக்கான்னு பாக்கறேன். சந்தனத்த லேசா தொடச்சா..."

"பொட்டு வெச்சாச்சு. கை வெக்காத" என்றேன்.

"கார்டு குடுங்க, அதுல இருக்கும்."

"நான் பாத்துட்டேன்" என்று கார்டை மடித்துப் பர்சில் வைத்தேன். நீ கையை எடுத்துக்கொண்டாய். நீ எப்போதும் ஒரே ஒரு தடவைதான் கேட்பாய். அது நல்ல குணமா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பிறகு மழை. தண்ணீர் தெருவுக்குள் வருவதற்கு முன்பே வண்டியை எடுத்துப் போய் பைபாஸ் ரோட்டு மேட்டில் நிறுத்தியது நீ. எனக்கு அது தோன்றவே இல்லை. நம் தெருவில் மூழ்காமல் மிஞ்சிய வண்டி அது ஒன்றுதான். கரண்ட் போய்விட்டது. போன்கள் எல்லாம் செத்துக்கொண்டிருந்தன. நீ வண்டியில் சிகரெட் லைட்டர் ஓட்டையில் சார்ஜரைச் சொருகி, மேட்டில் தஞ்சமாக நின்றவர்களுக்கு ஆளுக்கு இருபது நிமிடம் என்று முறை வைத்துக் கொடுத்தாய். நான் படகில் வந்து பார்த்தேன். ஒரு பாட்டி துபாயில் இருக்கிற மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "பூட்டுன வூட்டுக்குள்ள மீன் நீந்துதுடி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வரிசையில் நின்ற ஒருவன், "டேய் தம்பி, என் மாமியாருக்குத்தான் பேசப் போறேன், எனக்கு அஞ்சு நிமிசம் போதும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நனைந்த சட்டையோடு நீ டிரைவர் சீட்டில் உட்கார்ந்து போன்களை மாற்றி மாற்றிச் சொருகிக்கொண்டிருந்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. நிறுத்து என்று சொல்லவில்லை. இன்னும் இரண்டு பேரை நானே உன்னிடம் கூட்டிவந்தேன். இதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை உன் அம்மாவுக்கு வீசிங் அதிகமானது. ஈரம், குளிர், நாம் ஒதுங்கியிருந்த மாடியில் இருபது பேர். மருந்து தீர்ந்துவிட்டது. ஆவி பிடிக்கிற மெஷினுக்குக் கரண்ட் இல்லை. படகில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுவந்தோம். வண்டியில் உட்காரவைத்தோம். சாவியைத் திருப்பினேன். ஒரு முனகல். அடுத்த தரம் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். அதற்கப்புறம் அதுவும் இல்லை. நீ இறங்கித் தள்ளினாய். போன் சார்ஜ் போட்டவர்கள் எல்லோரும் தள்ளினார்கள். பதினோரு பேர், எனக்கு முகங்கள் தெரியும். முன்னால் ஏற்றம், ரோடு முழுக்க சேறு, நாலு பக்கமும் தண்ணீர் புகுந்து நின்றுபோன வண்டிகளும் மாடுகளும். ஓடவிட்டு கியர் போட இடமே இல்லை. நான் தலையைத் திருப்பி, பின்னால் தள்ளிக்கொண்டிருந்த உன்னைப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததை உன் அம்மா பார்த்துவிட்டாள். மூச்சுக்கு நடுவில், "அவன ஒண்ணும் சொல்லாத" என்றாள். அதற்குமேல் அவள் முழுதாக எதுவும் பேசவில்லை. கடைசியில் ஒரு டிராக்டர் வந்தது. தாம்பரம் பாலத்துக்குக் கீழே போகும்போது அவள் தலை உன் தோளில் சரிந்தது. நீ அதை எனக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தாய்.

அவள் போன மூன்றாம் நாள், தண்ணீர் வடிந்த வாசலில் உறவு முறையெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். உன் தாய்மாமன் கேட்டார், கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். "வண்டி மேட்டுல நின்னுச்சே மச்சான், ஏன் எடுக்கல?"

நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். இருந்தாலும் இங்கே எழுதச் சொல்கிறேன், வாத்தியார் தயங்குகிறார். "உங்க மருமகனக் கேளுங்க. ஊரான் போனுக்கெல்லாம் கரண்டு குடுத்தான். பெத்தவளுக்கு மிச்சம் வெக்கல."

மொட்டைத் தலையோடு நீ எழுந்து போனாய். வண்டியிலிருந்து அந்தச் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தாய். பிறகு சாமான் கழுவுகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். அன்றைக்குச் சொன்னபோது நானும் அதை நம்பித்தான் சொன்னேன். அது ஒன்றுதான் என் பக்கம் சொல்லிக்கொள்ள இருக்கிறது. அந்த நம்பிக்கையும் பதினாறு நாளுக்குமேல் தாங்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு பம்மலுக்குப் போனேன். சூசையை உனக்கு அதிகம் தெரியாது. தோல் கிடங்குக்கு லோடு அடித்த காலத்திலிருந்து எனக்குப் பழக்கம், பேட்டரி சார்ஜ் போடுகிற கடை, வீட்டு முன்பக்கமே கடை. சார்ஜ் ஏற்றிக் கொடு என்றேன். அவன் மூடிகளைத் திறந்து கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு அறையிலும் விட்டு உறிஞ்சிப் பார்த்தான். "இதுக்கு இன்னா சார்ஜ் ஏத்தறது? ஆறு ரூம்ல ஒண்ணு செத்துப்போய் கீது. உள்ள ஈயத் தட்டெல்லாம் கொட்டிப்போச்சு" என்றான்.

"பையன் ரெண்டு நாள் இதுல போன் சார்ஜ் போட்டான். அதனால இருக்குமா?" என்றேன்.

"போனா?" என்று அவன் சிரித்தான். "யோவ், டீசல் என்ஜின பொரட்டற பேட்டரி இது. நல்ல பேட்டரியா இருந்தா தெருவுக்கே போன் சார்ஜ் போட்டுட்டு, அப்பவும் டக்குனு செல்ஃப் எடுக்கும். இது எப்பவோ சாக வேண்டியது. எங்க வாங்கன?" கேட்டுக்கொண்டே ஈரத் துணியால் என் சந்தனத்தைத் துடைத்தான். கீழே எழுத்து இருந்தது. படித்தான். பர்சிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தேன். அதையும் படித்தான். "பழைய பேட்டரி, புதுப்பிச்சதுன்னு கொட்டை எழுத்துல போட்டுகீறான். மூணு மாசம்தான் கேரண்டி. பக்கத்துல புதுசு இருந்துச்சா, இல்லியா? இருந்துச்சுன்னா இத ஏன் எடுத்த? உனக்கு கண்ணு தெரில?"

உள்ளே முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி பதில் சொன்னாள். "அவருக்குப் படிக்க வராது. இருவது வருசமா பழகறீங்க, இது கூட தெரியாதா? நம்ம பெரியவ கல்யாணப் பத்திரிகைய தலைகீழா புடிச்சுகினு, ரொம்ப நல்லா கீதுன்னு சொன்னாரே, அப்பவே எனக்குத் தெரியும்." சூசை என்னைப் பார்த்தான். பிறகு பேட்டரியைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் என்னைக் கிண்டல் செய்ததே இல்லை.

அவனிடம் வாசலில் நடந்ததைச் சொன்னேன். உன்னை நான் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். "இன்னிக்கே போய் புள்ளகிட்ட சொல்லிடுண்ணா. நாளைக்குன்னு வெக்காத" என்றாள். சரி என்றேன். திரும்பும் வழியில் பாஸ்கரிடமும் போனேன். அவன் என்னை ஏமாற்றவில்லை. "கார்டுல எழுதிக் குடுத்தேனேண்ணா. தெரிஞ்சுதான எடுக்கறீங்கன்னு கூட கேட்டேன்" என்றான். ஏழுமலை அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். ஆமாம் நைனா, கேட்டான் என்றான். நான் வெளியே வந்து கார்டைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். வீட்டுக்கு வந்தேன். நீ, கடைசி செமஸ்டர் பயிற்சி ஓசூர் கம்பெனியில், அங்கேயே வேலையும் கிடைக்கும் என்றாய். போய்ட்டு வா என்றேன்.

பொங்கல் முடிந்து உன்னைப் பெருங்களத்தூருக்கு பஸ் ஏற்றிவிட வந்தேன். சொல்ல வேண்டியதை வாய்க்குள் வைத்துக்கொண்டேதான் வந்தேன். பஸ்கள் வந்து வந்து போயின. நீ எந்தப் பலகையையும் படிக்கவில்லை. வாய் அசையவே இல்லை. கடைசியில் நான்தான் ஒரு கண்டக்டரிடம் இது ஓசூர் போகுமா என்று கேட்டேன். போகும் என்றார். ஏறிவிட்டாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் வருடம் வெட்கம். எழுத்து தெரியாததால் பெண்டாட்டியைச் சாகவிட்டவன் என்று ஊர் சொல்லும் என்று நினைத்தேன். அடுத்த வருடம், ஏன் போன வருடமே சொல்லவில்லை என்று நீ கேட்பாயே என்று இருந்தது. அப்படியே ஒவ்வொரு வருடமும் அதற்கு முந்தின வருடம் வந்து மறித்துக்கொண்டது. உண்மையில் காரணம் இவ்வளவு சுற்றுகூட இல்லை. உன்மேல் இருந்து எடுத்தால் அதை என்மேல்தான் வைக்க வேண்டும். உன் கல்யாணத்தில் மேடையேறி வந்து ஆசீர்வாதம் செய்தேன். உன் பிள்ளைக்குப் பேர் வைத்தோம். அப்போதெல்லாம் கூட வாயைத் திறக்கவில்லை. இப்போது அழுகை வருமென்று நினைத்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது, கிள்ளினால் வேறு யாருடையதையோ கிள்ளுவது போல.

இந்தப் பத்து வருடத்தில் வண்டிக்கு இரண்டு பேட்டரி மாற்றினேன். இரண்டும் சூசையே வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தான். போன வாரம் மறுபடி செல்ஃப் எடுக்கவில்லை. தனியாகக் கூடுவாஞ்சேரியில் ஒரு கடைக்குப் போனேன். கல்லாவில் ஒரு பெண் இருந்தாள், உன் மனைவி வயது இருக்கும். பேட்டரியை மேசைமேல் வைத்து, கார்டை என் பக்கம் தள்ளினாள். நான் எடுத்தேன். மேலே பார்த்தேன். நடுவில் பார்த்தேன். திருப்பப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. இது புதுசா பழசா, எந்த மாசம் செஞ்சது, எல்லாத்தையும் சத்தமா படி" என்றேன். பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

"அவ்ளோதானேங்க ஐயா, நீங்க மொறைச்சுப் பாத்ததும் விலையக் குறைக்கச் சொல்லப் போறீங்கன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படித்தாள். புதியது. இரண்டு மாதத்துக்கு முன் செய்தது. பின்னால் நின்றவர்களில் ஒருவர், "எனக்கும் அப்டியே படிச்சுடும்மா, கண்ணாடி எடுத்துட்டு வரல" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பேட்டரியை மாட்டினேன், செல்ஃப் எடுத்தது. சந்தனம் வைக்கவில்லை. வண்டியை ஓட விட்டுவிட்டு ரோட்டோரம் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை நிமிடத்தை நான் பாஸ்கர் கடையில் செலவழித்திருந்தால் என்று ஒரு கணக்கு வந்தது. அதை முடிக்கவில்லை. வாத்தியார் வீட்டுக்குத்தான் நேராக வந்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். எதிர் வீட்டுக்காரர் மறுபடி வந்தால் கதவைத் திற. அவர் போனை வாங்கிச் சொருகு. ஒன்றும் ஆகாது. அன்றைக்கு மேட்டில் நீ செய்தது சரி. உன் அம்மா அதைத் தெரிந்துகொண்டுதான் போனாள், நான்தான் கடைசியாகத் தெரிந்துகொண்டேன். உன் பிள்ளை விளக்கை அணைக்காமல் விட்டால் விடட்டும். உன் மனைவியிடம் இந்தக் கடிதத்தைக் கொடு, அவளே படிக்கட்டும். உன் மாமனுக்கும் ஒரு நகல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், நான் வாசலில் சொன்னதை வாசலிலேயே திருப்பி எடுக்க வேண்டும் என்பதற்காக. என்னிடம் நீ பேச வேண்டும் என்று கேட்கவில்லை.

நீ இதை நம்ப மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். சாகப்போகிற காலத்தில் பிள்ளை மனசு ஆறட்டும் என்று அப்பா கதை கட்டுகிறார் என்று நினைப்பாய். நான் உன் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். கார்டு இல்லை, நானே கிழித்துவிட்டேன். பாஸ்கர் கொரோனா வந்த முதல் வருடமே போய்விட்டான், கடை இருந்த இடத்தில் இப்போது மெடிக்கல் ஷாப். ஏழுமலைக்கு சர்க்கரையில் காலை எடுத்தார்கள், அடுத்த ஆடியில் அவனும் போய்விட்டான். சூசை போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின வாரம், கடையில் உட்கார்ந்தபடியே. ஆக, அந்தப் பேட்டரியின் எழுத்தைப் படித்தவர்களும் படிப்பதைக் கேட்டவர்களும் என்னைத் தவிர ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சூசையின் மனைவி ஒருத்தி மட்டும் இருக்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் எனக்குக் கேக் கொடுத்துவிட்டு, "புள்ளகிட்ட சொல்லிட்டியாண்ணா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். "சரி, அடுத்த வருசமும் கேப்பேன்" என்பாள். நீ ஒரு தடவை பம்மலுக்குப் போ. தண்ணீர்த் தொட்டிக்குப் பின் தெரு, பச்சைக் கதவு. என் பெயரைச் சொல்ல வேண்டாம், பேட்டரி என்று மட்டும் சொல், அவள் எல்லாவற்றையும் சொல்லுவாள். பெயர் ஆரோக்கியமேரி.